கீழ போலாமா?

ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு ‘போலாம்’ என்று சொல்வதற்காகவே இந்த மலை எனக்கு முப்பத்தெட்டு வருடம் சோறு போட்டது. போல்ட்டைக் கழற்றியது, எண்ணெயில் குளித்தது, குளிரில் முதுகு மரத்துப்போனது எல்லாம் வேலையில் பாதிதான். எல்லாம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது எதிரே நிற்கிற ஆள் “போலாமாண்ணே?” என்று கேட்பானே, அதற்குப் பதில் சொல்வதுதான் மீதிப் பாதி. எந்த சீல் கசிந்தது, எந்த பேரிங் தேய்ந்தது என்று எவனும் கேட்பதில்லை. போகலாமா, கூடாதா. அவனுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

கோலா தெர்லாவில் நான் விட்டுவிட்டு வந்த பட்டறையில் இப்போது நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். போன வாரம் நான் அந்தப் பக்கம் வந்தபோது, “அங்கிள், ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டீர்கள். எனக்கு மிச்சமிருப்பது முட்டி வலிதான். அதை எழுதி என்ன செய்வது? இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். ஒரு கியர் எண்ணெய் மாற்றிய கதையைச் சொல்கிறேன். எப்படி மாற்றுவது என்று சொல்லப்போவதில்லை. அதை ஃபோனில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். மாற்றி முடித்த பிறகு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இது.

சவரிமுத்துவை உங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டுகிற பகுதியில் வேலை பார்த்தவன். நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் வீடு மேல் லயத்தில், அவன் வீடு கீழ் லயத்தில். ஒரே கோவில், ஒரே பள்ளிக்கூடம். என்னைவிட எட்டு வயது இளையவன். அவனிடம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. இரண்டு கை மாறி வந்தது. அதை அவன் கழுவித் துடைக்கிற அழகைப் பார்த்தால், ஏதோ திருவிழாத் தேரை வைத்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். கழுவுவானே தவிர, கியர்பாக்ஸுக்கும் எண்ணெய் உண்டு என்பதே அவனுக்குப் பல வருடம் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கூடவே அவன் மனைவி ஸ்டெல்லா. வெளியே மழை. பட்டறைக்குள் ஒரு காய்கறி லோரி ஜாக்கில் நின்றது. ஏற்றிய முட்டைக்கோஸ் முழுக்க மேலேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் மலையை விட்டு இறங்கியாக வேண்டும் என்று லோரி டிரைவர் என் காதுக்குள்ளேயே குடியிருந்தான். அன்று காலையிலிருந்து அது நான்காவது வண்டி. கூட வேலை பார்த்தவன் காய்ச்சல் என்று வரவில்லை. நான் ஒற்றை ஆள்.

“அண்ணே, கியரு மாறறப்ப ஒதறுதுண்ணே. எண்ணெ மாத்துனா சரியாயிரும்னு ஃபேக்டரில சொன்னாங்க” என்றான் சவரி.

எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை இழுத்துப் பார்த்தேன். நல்ல கியர் எண்ணெய் சிவப்பாக இருக்கும், தெரியுமல்லவா? இது கோப்பி மாதிரி இருந்தது. மூக்கில் வைத்தால் தீய்ந்த வாடை. ‘இதைத் தொடாதே’ என்று அந்த வாடையே எனக்குச் சொன்னது. பல வருடம் எண்ணெய் மாற்றாத கியர் பெட்டியில், உள்ளே தேய்ந்த தூளெல்லாம் அந்தப் பழைய எண்ணெயில்தான் கலந்து கிடக்கும். தேய்ந்துபோன தகடுகள் அந்தக் கசடின் தயவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். புது எண்ணெயை ஊற்றினால் சில பெட்டிகள் உயிர் பெற்று எழும். சில பெட்டிகள் உள்ள பிடியையும் விட்டுவிடும். எது எப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. அதனால்தான் அப்படி மாற்றிய வண்டியை இரண்டு நாள் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்வது.

இதையெல்லாம் நான் சவரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “அப்ப மாத்தாம விட்டா சரியாயிருமா?” என்பான். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவனுக்கு ‘வேண்டாம்’ என்று விளக்குவதைவிட அவன் கேட்டதைச் செய்து கொடுப்பது சுலபம். நம் தொழிலில் பாதித் தவறு இந்தச் சுலபத்தில்தான் நடக்கிறது. மாற்றிக் கொடுத்தேன்.

மாற்றி முடித்ததும் பெரிய ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உதறல் நின்றுவிட்டது. ஆனால் இரண்டாவது கியருக்கு மாறும்போது ஒரு கணம் தயங்கியது. கூப்பிட்ட பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு வருவதுபோல. சரி, இரண்டு நாள் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு காரை வெளியே நிறுத்திவிட்டு மறுபடியும் லோரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். ஸ்டெல்லா எதிர்க் கடையிலிருந்து வந்து காரில் ஏறியது தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தாள். சவரி வந்து லோரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

“அண்ணே, கீழ போலாமா?”

“ம், போலாம் போலாம். ரெண்டு நாள் ஓட்டிட்டுக் கொண்டா, பாப்போம்.”

“சரிண்ணே. வரேண்ணே.”

இவ்வளவுதான் நடந்தது. இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள் இல்லை. இந்த மலையில் எல்லோருக்கும் ‘கீழ’ என்றால் ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர், மலையை விட்டு இறங்கினால் வருகிற எல்லா ஊரும். ஆனால் எங்கள் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இன்னொரு ‘கீழ’ உண்டு. மேல் லயம் ‘மேல’, கீழ் லயம் ‘கீழ’. “கீழ போயிட்டு வரேன்” என்றால் அம்மா அனுப்பிவிடுவாள், அது கூப்பிடு தூரம். சவரியின் வீடு கீழ் லயத்தில். என் காதில் விழுந்தது, “வீட்டுக்குப் போலாமா?” என்றுதான். அவன் கேட்டது, “ஈப்போவுக்குப் போலாமா?”

நான் அறியாதது ஒன்று இருந்தது. மறுநாள் காலை எட்டரைக்குள் ஸ்டெல்லா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த ஆபரேஷன் தேதி. அதைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். இரத்தப்போக்கில் அவள் பாதி ஆளாகியிருந்தாள். அத்தனை மாதம் காத்திருக்க உடம்பு தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தாராம். லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். சவரியைத் தவிர ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது. ‘பொம்பள சமாச்சாரம்’ எங்கள் லயத்தில் ஆண்கள் காதுக்கு வராது. சவரி என்னிடம் எப்படிச் சொல்வான்? “கொஞ்சம் வேல இருக்குண்ணே” என்றுகூட அவன் சொல்லவில்லை.

“எங்கப்பா போறே?” என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஆனால் கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கக் கூடாதே! கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை. ஆனாலும் வாசலில் செருப்பு மாட்டுகிறவனைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்ட பாவத்துக்குச் சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த அடி இத்தனை வருடம் கழித்தும் வேலை செய்தது. பட்டறையில் எத்தனையோ ஆயிரம் பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவனிடமும் ‘எங்கே’ என்று கேட்டதில்லை. டாக்டர் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்க வெட்கப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நான் தொழில் பார்த்திருக்கிறேன்.

சகுனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் அப்படித்தான் போட்டேன். உண்மை அது இல்லை. எனக்கு அலுப்பு. ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாமே. எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ‘போலாம் போலாம்’ சொல்வதற்கு வாய் பாதி திறந்தால் போதும்.

மறுநாள் காலை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டே, “ஸ்டெல்லாவுக்கு இன்னிக்குத்தான். நல்லபடியா முடியணும், மாதாவே” என்றாள்.

“என்ன இன்னிக்கு?”

“ஒன்னும் இல்லலா. பொம்பளைங்க விசயம்.”

“என்னான்னு சொல்லு.”

“ஈப்போல அட்மிட் பண்றாங்க. ஆபரேசன். அரை மணிக்கு முந்தி கெளம்பிருப்பாங்க, அவரு காடியிலதான்.”

கோப்பியைக் கீழே வைத்தேன். அவன் பூட்ஸும், ‘கீழ போலாமா’ என்ற கேள்வியும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து வந்து என் முன் நின்றன. அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். கம்போங் ராஜாவைத் தாண்டினால் அடிவாரத்துச் சிம்பாங் பூலாய் வரைக்கும் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் காரை இழுத்துப் பிடிக்க வேண்டியது கியர். அது பிடியை விட்டுவிட்டால் மொத்தப் பாரமும் பிரேக் தலையில் விழும். மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் எத்தனை வளைவுக்குத் தாங்கும்? நான்தான் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவன். இரண்டாவது கியர் தயங்கியது என் காலுக்குத் தெரியும். சவரிக்குத் தெரியாது.

ஃபோன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். மலைக்கு நடுவில் போய்விட்டால் எங்கே கிடைக்கும்? சட்டையைக்கூட மாற்றாமல் பிக்கப்பை எடுத்தேன். “எங்கங்க போறீங்க?” என்று என் மனைவி வாசல் வரைக்கும் ஓடிவந்து கேட்டாள். கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பனி இறங்கியிருந்தது. முன்னால் போகிற காய்கறி லோரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கண் ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரத்து இரும்புத் தடுப்பைத்தான் பார்த்தது. எங்காவது உடைந்திருக்கிறதா? எங்காவது புதுசாகக் கீறியிருக்கிறதா? பல வருடமாக எல்லா மாதாவையும் எல்லாப் புனிதரையும் சும்மா விட்டிருந்தேன். அன்று ஒருவரையும் விடவில்லை. நான் வேண்டியது ஒன்றுதான். அவர்கள் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கமாவது இருக்க வேண்டும்.

பேராக் மாநில எல்லையைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கத்தில் அவர்களைப் பார்த்தேன். கார், மலைப்பக்கத்து லோங்காங்கில் முன்சக்கரம் ஒன்றை இறக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. அந்த வடிகால் மட்டும் இல்லையென்றால் அடுத்த வளைவுக்கு அப்பால் ஒன்றுமில்லை, பள்ளத்தாக்குதான். சக்கரத்திலிருந்து புகை. பிரேக் தீய்ந்த வாடை கண்ணாடி ஏற்றியிருந்த பிக்கப்புக்குள்ளேயே வந்தது. ஸ்டெல்லா சால்வையைப் போர்த்திக்கொண்டு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே பிளாஸ்டிக் கூடை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் அடி எதுவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது. சவரி ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனான்.

“டேய், ஊத்தாத! வெடிச்சிரும்!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அண்ணே! மாதாவே அனுப்பி வெச்ச மாதிரி வந்தீங்கண்ணே!” ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “ரெண்டுல போட்டேண்ணே, புடிக்கவே இல்ல. சும்மா உருளுது. பிரேக்க மிதிச்சேன், மிதிச்சேன், மிதிச்சேன். அப்பறம் காலு அப்படியே உள்ள போயிருச்சு. பின்னால லோரி வேற. வேற வழி தெரியல, லோங்காங்குல விட்டுட்டேன்.”

அவன் செய்தது சரி. பிரேக் போனால் மலைப்பக்கம் காரைக் கொடு, பள்ளத்துப் பக்கம் கொடுக்காதே. இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் லோரி வர, அவன் அரை நொடியில் எடுத்த முடிவு அது. எனக்கு முந்தின நாள் ஒரு மத்தியானம் முழுக்க இருந்தது.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ‘தப்பு என்னுதுடா, நான்தான் போகச் சொன்னேன்.’ ஐந்து வார்த்தை. அவன் கண்ணைப் பார்த்ததும் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அவனோ வேறு கணக்கில் இருந்தான். “அண்ணே, நீங்க புடிங்க, தூக்கி ரோட்டுல வெச்சிரலாம். பிரேக்கு ஆறிருச்சு. மெதுவா போயிரலாம்ணே. எட்டரைக்கு அங்க இருக்கணும். இந்தத் தேதிய விட்டா அவ தாங்க மாட்டாண்ணே.”

“இந்தக் காடி இதுக்கு மேல ஒரு அடி நகராது. பிக்கப்புல ஏறுங்க.”

“காடிய இப்படியே நடுக் காட்டுல விட்டுட்டா?”

“விட்டுட்டுத்தான். சவரி, ஒனக்குக் காடி வேணுமா, அவ வேணுமா?”

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அப்படிப் பேசினால்தான் அவன் ஏறுவான் என்று தெரிந்தது. பயந்துபோனவனிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. நெருக்கடியில் அவனுக்கு ஒரே ஒரு வழியைத்தான் காட்ட வேண்டும். இரண்டு கிளையை ஒடித்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வளைவுக்கு முன்னால் ரோட்டோரம் போட்டோம். ஸ்டெல்லாவை நடுவில் உட்கார வைத்து மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு இறங்கினோம். என் பிக்கப் ஒவ்வொரு வளைவிலும் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. அந்த முனகலைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழ முடியாது. முன்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்கார நர்ஸ் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “லம்பாட் சுடா, காக்” என்றாள். நேரமாகிவிட்டதாம். கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சவரி அவளுக்குத் தெரிந்த மொழியிலும் தெரியாத மொழியிலும் நடந்ததைச் சொன்னான். நான் என் எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என் சட்டையையும், ஸ்டெல்லாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உட்காருங்கள், டாக்டரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

உட்கார்ந்தோம். மத்தியானம் ஆனது. சவரி கேன்டீனிலிருந்து எனக்குச் சோறு வாங்கிவந்தான். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். காவலுக்கு நின்றவரிடம், பக்கத்து பெஞ்சுக்காரரிடம், தரையைத் துடைக்க வந்த அம்மாவிடம், எல்லோரிடமும் அவன் சொன்னான்: “இவரு வரலன்னா நாங்க அங்கயே கெடந்திருப்போம். போமன்தான், ஆனா எங்களுக்குத் தெய்வம் மாதிரி.” மெக்கானிக்கை இந்த நாட்டில் போமன் என்று சொல்வார்கள். தெய்வம் என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். மூன்று மணிக்கு மேல் ஒரு கட்டில் காலியானது. ஸ்டெல்லாவை உள்ளே கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது, கட்டியும் கெட்ட கட்டி இல்லை. இதை முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நான் அனுபவித்ததில் கொஞ்சமாவது நீங்கள் அனுபவியுங்கள் என்று விட்டேன்.

காரை இழுத்துவந்து, வேறொரு கியர்பாக்ஸ் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அதையும் அவன் என் நல்ல மனசு என்று ஊரெல்லாம் சொன்னான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சைக் குறுகுறுக்கக்கூட விடவில்லை, அதற்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். கோவில் திருவிழாவில் கதை. கல்யாண வீட்டில் கதை. புதுசாக வந்த சாமியாரிடம் கதை. ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்தேன், பனி இன்னும் கொஞ்சம் அதிகமானது. நான் தலையைக் குனிந்துகொள்வேன். ‘பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்’ என்பார்கள். ஆறு வருடம் இப்படிப் போனது. ஒரு தப்பைச் செய்துவிட்டுத் திட்டு வாங்கினால் உடம்பு தாங்கும். நன்றி வாங்கினால் தாங்காது, பிள்ளைகளே. மனுஷனை அரித்துவிடும்.

அதற்குப் பிறகு நான் சாவி கொடுக்கிற ஒவ்வொருவனிடமும் கேட்டேன். ‘தூரமா? எந்தப் பக்கம்? யார் யார் போறீங்க?’ சிலர் முகம் சுளித்தார்கள். போகிற காரியத்துக்கு நடுவில் இந்த ஆள் வாயை வைக்கிறானே என்று ஒரு பூக்காரர் என் பட்டறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் கேளுங்கள். ‘போலாம்’ என்ற வார்த்தைக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் இல்லாமல் அதைச் சொல்லாதீர்கள்.

பட்டறையை உங்களிடம் விட்டுவிட்டு நான் ஓய்ந்த மாதம், கீழ் லயத்தில் சவரி வீட்டில் எனக்கு ஒரு விருந்து வைத்தார்கள். எட்டுப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் சவரி எழுந்து நின்று ஆரம்பித்துவிட்டான். “அன்னிக்குப் பனின்னா பனி...” எனக்கு அதற்குமேல் முடியவில்லை. எழுந்து சொல்லிவிட்டேன். “நான்தான் இவன போகச் சொன்னேன். கியரு சரியில்லன்னு தெரிஞ்சும் போலாம்னு சொன்னேன். இவன் ஈப்போவக் கேட்டான், நான் லயத்த நெனச்சேன். எங்க போறேன்னு ஒரு வார்த்த கேக்கல.”

சவரி சிரித்தான். “ஆரம்பிச்சிட்டாருலா! இவரு எப்பவும் இப்படித்தான். அப்படியே இருந்தாத்தான் என்னண்ணே? வந்து தூக்குனது நீங்கதானே!” எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு வருடம் சுமந்ததை இறக்கி வைக்க இடம் கேட்டால், அதற்கும் ஒரு மாலை.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். ஸ்டெல்லா குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

“அவருக்கு வெளங்காதுண்ணே. எனக்கு அன்னிக்கே வெளங்கிருச்சு.”

“என்னம்மா வெளங்குச்சு?”

“நீங்க லயத்தத்தான் சொல்றீங்கன்னு. காடிக்குள்ளதான இருந்தேன், காதுல விழுந்துச்சு. ஈப்போன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் ஓட்டிட்டுக் கொண்டான்னு சொல்வீங்களா?”

பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்தேன். “அப்பறம் ஏம்மா சொல்லல?”

“சொன்னா வேணாம்பீங்க. நீங்க வேணாம்னா இவரு காடிய எடுக்க மாட்டாரு. ஏழு மாசம் காத்துக் கெடந்த தேதிண்ணே. எனக்குப் பயம். மலையில விழுறதவிட அந்தத் தேதி போயிரும்னுதான் பயம்.”

“ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே பிக்கப்புல கொண்டுபோயி விட்டுருப்பேனேம்மா. அது சும்மாதான நின்னுச்சு!”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். “இப்பத் தெரியுதுண்ணே. அன்னிக்கு ஒங்க கொரலு மட்டுந்தான் லோரிக்கு அடியிலேர்ந்து வந்துச்சு. அவ்ளோ அலுத்துப் போன கொரலு. இந்த மனுசன்கிட்டப் போயி இன்னும் ஒன்னு கேக்குறதான்னு விட்டுட்டேன்.”

பல வருடமாக நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒருத்தி கேட்காமல் விட்டது எனக்குத் தெரியவே இல்லை. அவள் உயிர் என்னுடைய ‘போலாம்’ என்ற வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் என்னை ‘வேணாம்’ சொல்ல வைக்கிற ஒன்றையும் அவள் வாய் சொல்லாது. அதை நான்தான் அவள் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். அலுப்பு எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும், இந்தக் குளிரில் சீக்கிரமே வரும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று நான் லோரிக்கு அடியில் படுத்திருந்தது சக்கரம் வைத்த பலகையில். காலால் ஒரு உந்து உந்தியிருந்தால் வெளியே வந்திருப்பேன்.